முதல் தவிப்பு: வளரும் வயதில் வரும் காதல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிப் பிள்ளைகளுக்குப் பல ஆண்டுகள் பாடம் நடத்தியிருக்கிறேன். பாடத்தைப் பற்றி அவர்கள் கேட்ட கேள்விகளில் பெரும்பாலானவை மறந்துவிட்டன. வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு, புத்தகப் பையின் பட்டையைத் திருகிக்கொண்டு மேசையருகே நின்று கேட்ட கேள்விகள் மட்டும் மறக்கவில்லை. அவற்றில் பாதி, "என் நண்பனுக்கு ஒரு சந்தேகம்" என்றே தொடங்கும். அந்த நண்பனை நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். அன்று நான் சொன்ன பதில்களும், அன்று சொல்லத் தெரியாமல் விழித்துப் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டவையும் கலந்திருக்கும். நான் மருத்துவன் இல்லை, மனநல ஆலோசகனும் இல்லை. சில கேள்விகள் பெற்றோர் கேட்டவை.

இது காதலா, வெறும் இனக்கவர்ச்சியா?

"இனக்கவர்ச்சி" என்ற சொல்லை உருவாக்கியவர் நிச்சயம் நாற்பது வயதைத் தாண்டியவராகத்தான் இருக்க வேண்டும். அந்த அவஸ்தையில் இருக்கும் யாரும் அதற்கு அப்படிப் பெயர் வைக்கமாட்டார்கள். "பருவக் கோளாறு" என்பது அதைவிட மோசம். பல் முளைப்பதை யாரும் கோளாறு என்று சொல்வதில்லையே.

ஒரு மாணவன் என்னிடம் வந்து, ஒரு பெண்ணை மறக்கவே முடியவில்லை என்றான். பதினைந்து வயது. "அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்" என்றேன். நன்றாகப் படிப்பாள், சிரித்தால் அழகாக இருப்பாள், எப்போதும் ஜன்னல் ஓரத்தில் உட்காருவாள். மூன்று வாக்கியங்களில் முடிந்துவிட்டது. "சரி, அவளிடம் பேசக் கிடைத்தால் என்ன பேசுவாய்?" என்றேன். அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. அப்பா தன்னோடு பேசியே பல மாதங்கள் ஆகின்றன. அண்ணனோடு ஒப்பிட்டே தன்னைக் கொல்கிறார்கள். தான் படம் வரைவது வீட்டில் யாருக்கும் தெரியாது. இரவில் தூக்கம் வருவதில்லை. அரை மணி நேரம் பேசினான். அந்தப் பெண்ணின் பெயர் அதில் ஒருமுறைகூட வரவில்லை.

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று விளங்கியது. அந்த வயதின் தவிப்பில் இரண்டு நூல்கள் முறுக்கிக்கொண்டு ஒரே கயிறாக வருகின்றன. ஒன்று, ஒருவரைப் பிடித்துப்போவது. மற்றொன்று, தன்னை முழுதாக அறிந்த ஓர் ஆள் இந்த உலகத்தில் இருக்க வேண்டும் என்ற ஏக்கம். இரண்டாவது நூல்தான் பெரும்பாலும் தடிமனாக இருக்கிறது. வீட்டில் சொல்ல முடியாததையெல்லாம் கேட்கப்போகும் காது அவளுடையது என்று மனம் தானாகவே முடிவு செய்துவிடுகிறது. பாவம், அந்தப் பெண்ணுக்கு இது தெரியாது.

எனவே "காதலா, இல்லையா" என்ற கேள்விக்கு என் பதில்: உணர்வு உண்மைதான். ஆனால் அதில் எவ்வளவு அவருக்கானது, எவ்வளவு உங்கள் தனிமைக்கானது என்று பிரித்துப் பார்க்க முடிந்தால் பாதி பாரம் இறங்கும்.

உடம்புக்குள் என்னதான் நடக்கிறது?

மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸ் என்ற சிறு பகுதி, பெரும்பாலான பெண்களுக்கு 8 முதல் 13 வயதுக்குள்ளும், ஆண்களுக்கு 9 முதல் 14 வயதுக்குள்ளும் விழித்துக்கொள்கிறது. அது தரும் சைகையால் ஈஸ்ட்ரோஜன், டெஸ்டோஸ்டிரோன் என்ற பாலின ஹார்மோன்கள் சுரக்கின்றன. குரல் உடைவது, உயரம் கூடுவது, மாதவிடாய் தொடங்குவது எல்லாம் அதன் பின்விளைவுகள். முந்தைய வருடம் வரை சண்டை போட்டுக்கொண்டிருந்த பக்கத்து இருக்கைக்காரரைப் பார்த்துத் திடீரென்று நாக்கு ஒட்டிக்கொள்வதும் அந்தப் பட்டியலில் சேர்ந்ததே.

உணர்ச்சிகளையும் பரிசுகளையும் கையாளும் மூளைப் பகுதிகள் இந்த வயதிலேயே முழு வேகத்தில் இயங்கத் தொடங்கிவிடுகின்றன. நெற்றிக்குப் பின்னால் இருக்கும், "கொஞ்சம் பொறு" என்று சொல்ல வேண்டிய பகுதியோ இருபதுகளின் நடுவில்தான் முதிர்ச்சி அடைகிறது. குதிரை முதலில் வந்துவிட்டது, கடிவாளம் பின்னால் வருகிறது.

2005இல் ஹெலன் ஃபிஷர், ஆர்தர் ஆரன், லூசி பிரவுன் ஆகிய ஆய்வாளர்கள் தீவிரக் காதலில் இருந்த 17 பேரை ஸ்கேன் கருவிக்குள் படுக்க வைத்து, அவரவர் காதலரின் படத்தைக் காட்டினார்கள். டோபமைன் என்ற மூளை வேதிப்பொருள் நிறைந்த நடுமூளைப் பகுதி ஒன்று விழித்து வேலை செய்தது. தாகத்தில் தண்ணீரைத் தேட வைப்பது போன்ற உந்துதல்களோடு தொடர்புடைய இடம் அது. வெறும் உணர்ச்சி என்பதைவிட, ஒன்றை அடைந்தே தீர வேண்டும் என்ற வேட்கை என்றே அவர்கள் அதைப் பார்த்தார்கள். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தை நாற்பது நிமிடம் பார்த்துக்கொண்டிருந்த யாருக்கும் இது புதிய செய்தியாக இருக்காது.

ஏன் குறிப்பாக அவர்மீது?

சொன்னால் ஏமாற்றமாக இருக்கும்: பெரும்பாலும் அவர் கண்ணெதிரே இருந்ததால்தான்.

ராபர்ட் ஜாயன்ஸ் என்ற உளவியலாளர் 1968இல் ஒன்றைக் காட்டினார். அர்த்தம் தெரியாத சொற்களையும் எழுத்துகளையும், அறிமுகமில்லாத முகங்களையும் ஆட்களுக்குத் திரும்பத் திரும்பக் காட்டினால், அதிகம் பார்த்தவற்றையே அவர்கள் அதிகம் விரும்புகிறார்கள். தினமும் ஒரே பஸ்ஸில் வருகிறவர், ஒரே வகுப்பில் இரண்டு வரிசை முன்னால் அமர்கிறவர் மனதில் இடம்பிடிப்பதில் இதற்கும் பங்கு உண்டு.

இன்னொன்று, படபடப்பு. 1974இல் டட்டன், ஆரன் என்ற இருவர் கனடாவின் வன்கூவர் அருகே, ஆழமான பள்ளத்தாக்கின்மேல் ஆடிக்கொண்டிருக்கும் தொங்கு பாலத்தில் ஒரு சோதனை நடத்தினார்கள். பாலத்தைக் கடந்துவரும் ஆண்களை ஒரு பெண் சந்தித்து, சில கேள்விகள் கேட்டுவிட்டுத் தன் தொலைபேசி எண்ணைக் கொடுத்தார். உறுதியான, தாழ்வான பாலத்தைக் கடந்தவர்களைவிட, ஆடும் பாலத்தைக் கடந்தவர்களே அதிகம் பேர் பின்னர் அவரைத் தொலைபேசியில் அழைத்தார்கள். நெஞ்சு அடித்துக்கொண்டது பயத்தால். பழி விழுந்தது அந்தப் பெண்மேல். தேர்வுக் காலத்திலும் போட்டி, ஆண்டு விழா ஒத்திகை நடக்கும் நாள்களிலும் பள்ளியில் காதல்கள் கொத்தாகப் பூப்பதைப் பார்த்திருக்கிறேன். எல்லோரும் ஆடும் பாலத்தின்மேல் நிற்கும் காலம் அது.

இப்படிச் சொல்வதால் உங்கள் காதல் மலிந்துவிடாது. விதை எப்படி விழுந்தது என்பது ஒரு கேள்வி, செடி வளருமா என்பது வேறு கேள்வி.

நான் பார்ப்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

தெரிந்திருக்காது. நெருங்கிய நண்பருக்குத் தெரிந்திருக்கும், அதுவும் நீங்கள் சொன்னதால்தான்.

வளரிளம் பருவத்தினர் தங்களைச் சுற்றி எப்போதும் ஒரு கூட்டம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பதாக உணர்கிறார்கள் என்று உளவியலாளர் டேவிட் எல்கைண்ட் 1967இல் எழுதினார். "கற்பனைப் பார்வையாளர்கள்" என்று அதற்குப் பெயர் வைத்தார். 2000ஆம் ஆண்டில் தாமஸ் கிலோவிச்சும் அவருடைய சகாக்களும் கல்லூரி மாணவர்களை, போட்டுக்கொள்ளவே கூச்சப்படும் ஒரு சட்டையை அணிந்து, பலர் இருக்கும் அறைக்குள் போகச் சொன்னார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் சட்டையில் இருந்த படத்தைக் கவனித்திருப்பார்கள் என்று அணிந்தவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தது நால்வரில் ஒருவர். மற்ற மூவரும் தங்கள் சட்டையை நினைத்துக் கவலைப்பட்டுக்கொண்டிருந்திருப்பார்கள்.

மனதில் இருப்பதைச் சொல்லலாமா?

இது ஒன்றுக்குத்தான் என்னிடம் ஒரே பதில் கிடையாது. சொன்னவர்களும் வருந்தியிருக்கிறார்கள், சொல்லாதவர்களும் வருந்தியிருக்கிறார்கள். ஆனால் எதைச் சொல்வது, எப்படிச் சொல்வது என்பதில் எனக்குத் திடமான கருத்து உண்டு.

அவரோடு இதுவரை பேசியதே இல்லையென்றால், காதலைச் சொல்ல அவசரம் எதற்கு? முதலில் பேசுங்கள். அந்தப் புத்தகம் எப்படி இருந்தது, அந்தக் கணக்கு உனக்கு விளங்கியதா என்று தொடங்கினால் போதும். அந்நியர் இருவர் நெருங்குவது எப்படி என்று ஆர்தர் ஆரன் குழுவினர் 1997இல் சோதித்தார்கள். சாதாரணமாகத் தொடங்கிப் படிப்படியாக ஆழமாகும் 36 கேள்விகளை இருவர் மாறி மாறிக் கேட்டுக்கொண்டார்கள். சும்மா அரட்டை அடித்தவர்களைவிட இவர்களுக்கு நெருக்கம் அதிகமாக ஏற்பட்டது. ஒருவர் ஒரு படி இறங்கினால் மற்றவரும் ஒரு படி இறங்க வேண்டும். சூட்சுமம் அதில்தான் இருக்கிறது. ஒரே நாளில் மொத்த மனதையும் அவர் மடியில் கொட்டினால் எதிரில் இருப்பவர் திகைத்துப்போவார்.

பேசிப் பழகிய பிறகும் சொல்லத் தோன்றினால், தனியாக இருக்கும்போது, சுருக்கமாகச் சொல்லுங்கள். "எனக்கு உன்னைப் பிடித்திருக்கிறது. உனக்கும் அப்படி இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றியது." இவ்வளவு போதும். பத்துப் பேர் கைதட்டக் காத்திருக்க, நடுவில் நிற்க வைத்துக் கேட்பது துணிச்சலாகத் தெரியலாம். அப்படிக் கேட்டால் அவரால் மனம்விட்டு "இல்லை" என்று சொல்ல முடியாது. இல்லை என்று சொல்ல முடியாத இடத்தில் வாங்கிய "ஆம்" எதற்கு உதவும்? நண்பனைத் தூது அனுப்பாதீர்கள். தூதுபோன நண்பன் தனக்காகப் பேசிவிட்டு வந்த கதையும் எனக்குத் தெரியும்.

"நீ இல்லையென்றால் நான் இல்லை" என்று மட்டும் சொல்லவே சொல்லாதீர்கள். கேட்பவர் காதில் அது மிரட்டலாகத்தான் விழும்.

மறுத்துவிட்டார். மனம் மாறும்வரை காத்திருக்கலாமா?

வேண்டாம். விடாமல் பின்தொடர்ந்தால் ஒருநாள் கனிந்துவிடும் என்று கதைகள் நமக்குச் சொல்லிச் சொல்லிப் பழக்கிவிட்டன. நிஜத்தில் பின்தொடரப்படுபவர் வழியை மாற்றிக்கொள்கிறார், வெளியே வரவே அஞ்சுகிறார். ஒருமுறை கேட்டாயிற்று, பதிலும் கிடைத்துவிட்டது. மௌனமும் தயக்கமும் "பிறகு பார்க்கலாம்" என்பதும்கூட சம்மதம் ஆகாது.

ஒருதலைக் காதலுக்குப் பழைய தமிழ் இலக்கணம் "கைக்கிளை" என்று தனியாகவே பெயர் வைத்திருக்கிறது. ஒத்த அன்புடைய ஐந்திணையோடு அதைச் சேர்க்காமல் தள்ளி வைத்தார்கள். ஒரு பக்கத்து அன்பை அன்பு இல்லை என்று சொல்லாமல், அதற்கும் ஓர் இடம் கொடுத்து, ஆனால் அது வேறு என்று பிரித்துச் சொன்ன அந்தத் தெளிவு எனக்கு மிகவும் பிடிக்கும்.

என்னிடம் ஒருவர் சொல்லியிருக்கிறார். எனக்கு விருப்பம் இல்லை. எப்படி மறுப்பது?

மென்மையாக, ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல். "இப்போது படிக்க வேண்டும்" என்று காரணம் சொன்னால் தேர்வு முடிந்த மறுநாள் திரும்பி வருவார். "எனக்கு அப்படித் தோன்றவில்லை" என்பதே முழுப் பதில். விளக்கம் சொல்ல நீங்கள் கடமைப்பட்டவர் இல்லை. அவர் எழுதிக் கொடுத்ததை மற்றவர்களிடம் காட்டிச் சிரிக்காதீர்கள். அந்தச் சிரிப்பு அவருக்கு ஆயுளுக்கும் மறக்காது. மறுத்த பிறகும் தொல்லை தொடர்ந்தால் நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடம் சொல்லியே ஆக வேண்டும். அது காட்டிக்கொடுப்பது ஆகாது.

எல்லோருக்கும் யாரோ இருக்கிறார்கள். எனக்கு மட்டும் யாரும் இல்லை.

"எல்லோருக்கும்" என்பதை ஒருமுறை விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். சத்தமாக இருக்கும் நாலைந்து பேர்தான் கணக்கில் வருவார்கள். மற்றவர்கள் உங்களைப் போலவே வாயைத் திறக்காமல் இருக்கிறார்கள்.

சிலருக்கு இந்த வயதில் யார்மீதும் எதுவும் தோன்றுவதில்லை. அதுவும் இயல்பே. பின்னால் தோன்றலாம், தோன்றாமலும் போகலாம். கூட்டத்தோடு சேர்வதற்காக ஒருவரைப் பிடித்திருப்பதாகச் சொல்லிக்கொள்ளும் பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். ஒரு மாணவி தன் தோழிகளுக்காக ஒரு பெயரைக் கற்பனையில் உருவாக்கி, அவனோடு சண்டையும் போட்டு, கடைசியில் பிரிந்தும் போனாள். பிரிவுக்குத் தோழிகள் நிஜமாகவே அழுதார்கள்.

என்னைப் போன்ற ஆணையே, பெண்ணையே பிடித்திருக்கிறது. எனக்கு ஏதாவது நோயா?

இல்லை. ஒரே பாலின ஈர்ப்பை உலக சுகாதார நிறுவனம் 1990ஆம் ஆண்டிலேயே நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. அந்த வயதில் அப்படித் தோன்றுவது நிலையானதா, கடந்துபோவதா என்று இன்றே தீர்ப்பு எழுத வேண்டியதும் இல்லை. யாரிடம் சொல்வது என்பதில் மட்டும் நிதானம் வேண்டும். உங்களைப் பத்திரமாக வைத்துக்கொள்ளத் தெரிந்தவரிடம், உங்களுக்குத் தோன்றும் நேரத்தில் சொன்னால் போதும்.

ஒரு நடிகரை, பாடகரை உயிராக நேசிக்கிறேன். வீட்டில் கேலி செய்கிறார்கள்.

தொலைக்காட்சி பரவத் தொடங்கிய காலத்திலேயே, 1956இல், ஹார்ட்டன், வோல் என்ற இருவர் இதைப் பற்றி எழுதிவிட்டார்கள். திரையில் நம்மைப் பார்த்துப் பேசுகிறவரோடு நமக்கு உறவு இருப்பதுபோலவே மனம் நடந்துகொள்கிறது. அவர் மறுக்கமாட்டார், கேலி செய்யமாட்டார், வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொல்லமாட்டார். காதலைப் பயின்று பார்க்க அதைவிடப் பத்திரமான இடம் ஏது? அந்த ஒருவருக்காக நிஜ நண்பர்களையும் தூக்கத்தையும் விடும்போதுதான் கவலைப்பட வேண்டும். கேலி செய்யும் பெரியவர்களின் பழைய பெட்டியில் யாருடைய படம் இருந்தது என்று கேட்டுப் பாருங்கள்.

செய்தியைப் பார்த்துவிட்டார், பதில் இல்லை. பைத்தியம் பிடிக்கிறது.

அந்த மூன்று புள்ளிகள் தோன்றும், மறையும், மறுபடி தோன்றும், பிறகு ஒன்றும் வராது. இரவு பதினொன்றரை மணிக்குப் போர்வைக்குள் அந்தப் புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருப்பது என்ன சித்திரவதை என்று எனக்குப் புரிகிறது. எங்கள் காலத்தில் கடிதத்துக்குப் பதில் வராவிட்டால் தபால்காரரைப் பழி சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். உங்களுக்கு அந்த வசதியும் இல்லை.

டோரதி டென்னவ் என்ற உளவியலாளர் இந்தப் பித்து நிலையை நூற்றுக்கணக்கானவர்களிடம் கேட்டு ஆராய்ந்து, 1979இல் "லிமரன்ஸ்" என்ற பெயரில் எழுதினார். அவர் கண்ட முக்கியமான விஷயம்: இந்தப் பித்துக்குத் தீனி நிச்சயமின்மைதான். தெளிவான "ஆம்" கிடைத்தாலும் தணிகிறது, தெளிவான "இல்லை" கிடைத்தாலும் மெல்லத் தணிகிறது. கொஞ்சம் நம்பிக்கையும் கொஞ்சம் சந்தேகமும் கலந்து கிடைத்துக்கொண்டே இருந்தால்தான் அடங்குவதில்லை. கைப்பேசியோ நாள் முழுவதும் இந்தக் கலவையை ஊட்டுவதற்கென்றே செய்ததுபோல் இருக்கிறது. படித்துவிட்டதாகக் காட்டும் அடையாளத்தை அணைத்துவிட்டு, இரவில் கைப்பேசியை வேறு அறையில் வையுங்கள். எளிமையான யோசனைதான், ஆனால் செய்து பார்த்தவர்கள் தூங்கியிருக்கிறார்கள்.

இங்கேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தரங்கமான படத்தை யார் கேட்டாலும் அனுப்பாதீர்கள், யாரிடமும் கேட்காதீர்கள், உங்களிடம் வந்ததை இன்னொருவருக்கு அனுப்பாதீர்கள். "நம்பிக்கை இருந்தால் அனுப்பு" என்பவர், நம்பிக்கைக்குச் சாட்சியாகத் தன் கையில் ஒரு பிடியைக் கேட்கிறார். ஏற்கெனவே அனுப்பிவிட்டு யாராவது மிரட்டினால், பணமோ மேலும் படமோ கொடுக்காமல், மிரட்டிய செய்திகளை அழிக்காமல், உடனே ஒரு பெரியவரிடம் போங்கள். திட்டு விழும். திட்டு ஓய்ந்துவிடும், மிரட்டலுக்குப் பணிந்தால் அது ஓயாது.

என்னைவிட வயதில் மிகவும் பெரியவர் ஒருவர், "உன் வயதுக்கு உனக்கு முதிர்ச்சி அதிகம்" என்கிறார்.

எச்சரிக்கையாக இருங்கள். தன் வயதுக்காரர்களோடு பழக எத்தனையோ பேர் இருக்க, பதினைந்து வயதுப் பிள்ளையிடம் அவர் வருவதற்குக் காரணம் உங்கள் முதிர்ச்சி இல்லை. புரிந்துகொள்ளப்பட வேண்டும் என்று உங்களுக்குள் இருக்கும் அந்த ஏக்கத்தை அவர் மோப்பம் பிடித்துவிட்டார். பரிசு கொடுப்பது, "இது நமக்குள் மட்டும் இருக்கட்டும்" என்பது, உங்கள் வீட்டாரையும் நண்பர்களையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைசொல்வது, இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் விலகி, இன்னொருவரிடம் சொல்லுங்கள். அவர் ஆசிரியராக இருந்தாலும், உறவினராக இருந்தாலும் அப்படியே. தவறு அவருடையது, உங்களுக்கு அவரைப் பிடித்திருந்தாலும் தவறு அவருடையதே.

பிரிந்துவிட்டோம். நெஞ்சு நிஜமாகவே வலிக்கிறது. இது எப்போது நிற்கும்?

வலி கற்பனை இல்லை. 2003இல் நவோமி ஐசன்பெர்கரும் அவர் குழுவினரும் ஸ்கேன் கருவிக்குள் இருந்தவர்களைக் கணினியில் பந்து எறியும் ஒரு விளையாட்டை ஆட வைத்தார்கள். சிறிது நேரத்தில் மற்ற "ஆட்டக்காரர்கள்" இவர்களுக்குப் பந்து போடுவதை நிறுத்திவிடுவார்கள். அவ்வளவு அற்பமான ஒதுக்கலுக்கே, உடல்வலியின் வேதனையோடு தொடர்புடைய மூளைப் பகுதி ஒன்று கிளர்ந்தது. பந்துக்கே அப்படியென்றால் உங்கள் நெஞ்சு வலிப்பதில் என்ன ஆச்சரியம்?

2010இல் ஃபிஷர் குழுவினர் காதலில் கைவிடப்பட்ட 15 பேரையும் பரிசோதித்தார்கள். காதலித்தபோது விழித்த அதே வேட்கைப் பகுதி கைவிடப்பட்ட பிறகும் எரிந்துகொண்டிருந்தது. கோகெய்ன் ஏக்கத்தோடு தொடர்புடைய பகுதிகளும் அதில் சேர்ந்திருந்தன. ஆனால் பிரிந்து நாள்கள் அதிகமானவர்களிடம் பற்றுதலோடு தொடர்புடைய ஒரு பகுதியில் வேகம் குறைந்திருந்தது. எனவே பக்கத்து வீட்டுப் பாட்டி சொல்லும் "நாள் போனால் சரியாகும்" என்பதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை.

மறக்க முயலாதீர்கள். 1987இல் டேனியல் வெக்னர், "வெள்ளைக் கரடியைப் பற்றி மட்டும் நினைக்காதீர்கள்" என்று சிலரிடம் சொல்லி, கரடி நினைவு வரும்போதெல்லாம் மணியை அடிக்கச் சொன்னார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நினைவை விரட்டுவதற்குப் பதில் எழுதிப் பாருங்கள். ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட சோதனையில், மனதை அரிக்கும் விஷயத்தை நான்கு நாள்கள், நாளுக்குப் பதினைந்து நிமிடம் எழுதிய மாணவர்கள், அடுத்த மாதங்களில் மற்றவர்களைவிடக் குறைவாகவே மருத்துவரிடம் போனார்கள். எழுதியதை அனுப்ப வேண்டாம், கிழித்துவிடலாம்.

சாப்பாடும் தூக்கமும் பல வாரங்களாகக் கெட்டிருந்தால், அல்லது செத்துவிடலாம் என்ற எண்ணம் ஒரே ஒருமுறை வந்துபோனாலும், இன்றைக்கே வீட்டிலோ பள்ளியிலோ ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். முதலில் சொன்னவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லையென்றால் இரண்டாமவரிடம் சொல்லுங்கள். மருத்துவரிடம் போவதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

காதல் வந்தால் படிப்பு கெடுமா?

சிலருக்குக் கெடும். சிலர் அவர் பக்கத்தில் உட்கார வேண்டும் என்பதற்காகவே நன்றாகப் படித்திருக்கிறார்கள். ஒளித்து வைப்பதற்குச் செலவாகும் நேரத்தையும் பயத்தையும் கணக்கில் எடுத்தால், படிப்பைக் கெடுப்பது பெரும்பாலும் அதுதான் என்பது என் அனுபவம்.

(பெற்றோர்) மகளுடைய டைரியைப் படித்துவிட்டேன். அதில் ஒரு பையனின் பெயர் இருக்கிறது. என்ன செய்யட்டும்?

முதலில் டைரியை எடுத்த இடத்தில் வையுங்கள். பெயர் ஒன்று எழுதியிருப்பது ஆபத்து இல்லை. ஆபத்தின் அறிகுறி ஏதும் தெரிந்தால் மட்டும், படித்ததை ஒப்புக்கொண்டு நேரடியாகப் பேசுங்கள். இல்லையென்றால் அந்தப் பெயரை மறந்துவிட்டு, கடைசியாக உங்கள் மகள் சொன்ன ஏதாவது ஒன்றை முழுதாகக் கேட்டது எப்போது என்று யோசியுங்கள்.

ஒரு தந்தை என்னிடம் வந்து, மகனின் கைப்பேசியைப் பிடுங்கி வைத்துவிட்டதாகப் பெருமையோடு சொன்னார். "அவன் யாரோடு பேசினான் என்று தெரிந்ததா?" என்றேன். தெரிந்தது என்றார். "என்ன பேசினான்?" என்றேன். கொஞ்சம் யோசித்தார். "பெரும்பாலும் எங்களைப் பற்றித்தான்" என்றார். அதற்குமேல் நான் எதுவும் கேட்கவில்லை.

வெட்டிவிடு என்று கட்டளையிட்டால் உறவு வெட்டுப்படாது, தகவல்தான் வெட்டுப்படும். "அவன் எப்படிப்பட்டவன், சொல்லேன்" என்று கேட்டு, பதிலுக்கு நடுவில் குறுக்கிடாமல் பத்து நிமிடம் இருந்து பாருங்கள். பத்து நிமிடம் எவ்வளவு நீளம் என்று அப்போது தெரியும்.

உங்களுக்கு அந்த வயதில் இப்படி ஏதாவது இருந்ததா?

மாணவர்கள் கடைசியில் கேட்டே தீருவார்கள், அதனால் எழுதிவிடுகிறேன். எனக்குப் பதினான்கு வயது. தேர்வு நாளில் முன்வரிசைப் பெண் எனக்குத் தன் அழிப்பானைப் பாதியாக உடைத்துக் கொடுத்தாள். அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அவளுக்கு ஒரு கடிதமும் எழுதினேன். மூன்று முறை திருத்தி, எழுத்துப் பிழை இருக்கக் கூடாது என்று அகராதியெல்லாம் பார்த்து எழுதிய கடிதம். கொடுக்கவில்லை. அந்த ஆண்டோடு அவள் வேறு பள்ளிக்குப் போய்விட்டாள்.

பல வருடங்கள் கழித்து வீடு மாற்றும்போது ஒரு பழைய டப்பாவில் இரண்டும் கிடைத்தன. கடிதம் நான்கு பக்கம். படித்துப் பார்த்தேன். முதல் பத்தியில் அவள் இருக்கிறாள். மீதி மூன்றரைப் பக்கமும் என் அம்மாவின் உடல்நலத்தைப் பற்றியும், அதை யாரிடம் சொல்வது என்று தெரியாததைப் பற்றியும். அழிப்பான் காய்ந்து கல்லாகியிருந்தது. காகிதத்தில் தேய்த்துப் பார்த்தேன், எதையும் அழிக்கவில்லை. ஒரு கறுப்புக் கோடு இழுத்தது.